முட்டுக்கட்டை: நிறுத்திய டிரெய்லர் ஏன் உருளாமல் நிற்கிறது?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, நசரத்பேட்டையிலிருந்து பட்டாபிராம் நோக்கி வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். முன்சக்கரம் எதன் மீதோ ஏறியது. அடுத்த நொடி நான் ரோட்டில் கிடந்தேன். வேகம் குறைவு, ஹெல்மெட்டும் இருந்தது, மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. எழுந்து மொபைல் வெளிச்சத்தில் பார்த்தால், இளநீர் அளவில் ஒரு கருங்கல். அதன் ஒரு முகத்தில் மட்டும் டயர் தேய்ந்த கறுப்புத் தடம்.

பாறையிலிருந்து உருண்டு வந்த கல் இல்லை அது. ஏதோ ஒரு டிரெய்லரின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல். வண்டி கிளம்பிப் போய்விட்டது, கல் நடுரோட்டிலேயே நின்றுவிட்டது.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நான் விழுந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் பாடி இருக்கிறது. இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நம் லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்தது அங்கேதான். அதே 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் பாடிதான். அரை நூற்றாண்டுக்கு மேலாக பிரேக் செய்கிற ஊரின் வாசலில், நாற்பது டன் வண்டி ஏன் இன்னும் ஒரு கல்லை நம்பி நிற்கிறது? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதன் குறிப்புகள் இவை.

தட்டையான ஊரில் வண்டி எப்படி உருளும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் மேசை மாதிரி தட்டையான பகுதி, மலைப்பாதையா என்ன, இங்கே எதற்குக் கல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நல்ல தார் ரோட்டில் லாரி டயர் உருளும்போது தரும் எதிர்ப்பு, சுமையில் ஆயிரத்துக்கு ஏழு பங்கு அளவுதான். அதாவது பத்து மீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும், பிரேக் இல்லாத வண்டி தானாகவே நகரத் தயார். நம் கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. மேம்பாலத்தின் இறக்கத்தில் முப்பதுக்கு ஒன்று என்ற சரிவு சகஜம். அங்கே 40 டன் வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 1,300 கிலோ. டயரின் எதிர்ப்பு சுமார் 280 கிலோ. மீதி ஆயிரம் கிலோவை ஏதோ ஒன்று இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேரடியிலிருந்து தொடங்கலாம்

கனமான வண்டியைப் பிடித்து நிறுத்தும் தொழில்நுட்பத்துக்கு நம் மொழியில் ஒரு பழைய சொல் இருக்கிறது: முட்டுக்கட்டை. இன்று 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டத்தான் பயன்படுத்துகிறோம். தேரோட்டத்தில் அது மிக மரியாதையான வேலை. ஓடும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகுவார்கள். இரண்டு பக்கமும் போட்டால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அந்தப் பக்கம் திரும்பும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்தக் கட்டைதான்.

திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. ஆனாலும் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் சக்கரத்தோடு கூடவே நடக்கிறார்கள். புதிய பிரேக் வந்ததால் பழைய கட்டை போகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் தோற்ற நாள்

கட்டையும் கல்லும் எப்போதும் ஜெயிக்குமா? இல்லை. 1889 ஜூன் 12, அயர்லாந்தின் ஆர்மா. ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகள் நிறைந்த 15 பெட்டி உல்லாச ரயில், 75-க்கு 1 ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பாதிப் பாதியாக மேலே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்து, முன் ஐந்து பெட்டிகளைக் கழற்றினார்கள். பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளைப் பிடித்திருந்தது ஒரு பிரேக் வண்டியின் ஹேண்ட் பிரேக், அப்புறம் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்கள்.

முன்பகுதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் வந்து இடித்தது. அந்த ஓர் இடியில் கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. இறந்தவர்கள் 80 பேர், பலர் குழந்தைகள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தீர்வு அப்போதே இருந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே தானியங்கி ஏர் பிரேக்கைக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய முதல் பிரேக்கில் காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும், குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. இரண்டாவதில் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்த காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். ரயில் இரண்டாகப் பிரிந்தாலும் இரண்டு பாதியும் நிற்கும். ஆர்மா ரயிலில் இருந்ததோ, பெட்டியைக் கழற்றினால் பிரேக்கும் விட்டுப்போகும் வகை. அதே 1889-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

காற்று எவ்வளவு நேரம் நிற்கும்?

நம் டிரெய்லருக்கு வருவோம். முன் இன்ஜினுக்கும் டிரெய்லருக்கும் இடையே இரண்டு ஏர் ஹோஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று டிரெய்லரின் டேங்குக்குக் காற்று தருவது, இன்னொன்று மிதிக்கும்போது பிரேக் பிடிக்கச் சொல்வது. டிரெய்லரை நிறுத்தி இன்ஜினைக் கழற்றினால் காற்று தரும் ஹோஸில் அழுத்தம் போகும். உடனே டிரெய்லர் தன் டேங்கில் இருக்கும் காற்றை வைத்துத் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். வெஸ்டிங்ஹவுஸின் யோசனையேதான்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. பிடித்திருப்பது காற்று. காற்று கசியும். ரப்பர் டயாஃப்ரம், வால்வு, இணைப்பு எங்காவது மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் இரும்பாகப் பிடித்த பிரேக் விடிகாலையில் தளர்ந்துவிடலாம். அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இதன் கோரமான உதாரணம் கனடாவின் லாக்-மெகான்டிக். 2013 ஜூலை 6. கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர் பெட்டிகளோடு ஒரு சரக்கு ரயிலைச் சரிவில் நிறுத்தினார்கள். ஏழு ஹேண்ட் பிரேக் போட்டார்கள், அது போதாது. மீதியைப் பிடித்திருந்தது, ஓடிக்கொண்டிருந்த ஒரு இன்ஜின் தந்த காற்று. அந்த இன்ஜினில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் அதை நிறுத்தினார்கள், காற்று மெல்ல இறங்கியது. சுமார் ஒரு மணி நேரத்தில் ரயில் நகர்ந்தது. ஊருக்குள் போய்க் கவிழ்ந்து வெடித்ததில் 47 பேர் இறந்தார்கள்.

நம் ஊரிலும் நடந்தது. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்மு பகுதியின் கதுவாவில் நின்றிருந்த 53 பெட்டி சரக்கு ரயில், டிரைவர் இல்லாமல் கிளம்பி எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபில் உஞ்சி பாஸி அருகே நின்றது. அதை நிறுத்தத் தண்டவாளத்தில் வைத்தது என்ன தெரியுமா? மரக்கட்டைகள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

ஸ்பிரிங் என்ற முட்டுக்கட்டை

லாரி உலகம் இதற்குக் கண்டுபிடித்த பதில் ஸ்பிரிங் பிரேக். பிரேக் சேம்பருக்குப் பின்னால் இன்னோர் அறை, அதற்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் இயல்பு பிரேக்கைப் பிடிப்பது. சுமார் 60 பிஎஸ்ஐ காற்று வந்து அதை அமுக்கினால்தான் பிரேக் விடும். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிடிக்கும். எத்தனை நாள் ஆனாலும் பிடித்தபடியே இருக்கும், கசிவதற்கு அதில் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1975-ல் நடைமுறைக்கு வந்த 121-ம் எண் விதி, ஏர் பிரேக் வண்டிகளின் பார்க்கிங் பிரேக் காற்றை நம்பாமல் இயந்திர ரீதியாகவே பிடித்து நிற்க வேண்டும் என்றது. என் கண்ணுக்கு ஸ்பிரிங் பிரேக் என்பது டிரம்முக்குள் குடியேறிய முட்டுக்கட்டை.

அப்படியானால் கல் எதற்கு? இதைக் கேட்கத்தான் நசரத்பேட்டை பக்கம் ஒரு டீக்கடையில் நாமக்கல்லைச் சேர்ந்த டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏண்ணே, ஸ்பிரிங் பிரேக் இருக்கே, கல்லு எதுக்கு?"

"இருக்குதுங்க சார். எத்தனை அச்சுல வேலை செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்? டிரெய்லர் ஒருத்தரோடது, இழுக்கறது இன்னொருத்தரோடது. நேத்து எவன் ஓட்டினானோ, என்ன பண்ணி வெச்சானோ. கல்லு மட்டும் நானே வெச்சதுங்க."

அவர் சொன்னதில் நிறைய இருக்கிறது. எல்லா அச்சிலும் ஸ்பிரிங் சேம்பர் இருப்பதில்லை. லைனர் தேய்ந்து, அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால், ஸ்பிரிங் விரிந்தும் டிரம்மை முழுசாக இறுக்காது. சேம்பர் கசிந்து வழியில் பிரேக் பிடித்து வண்டி நின்றுவிட்டால், போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டி ஓட்டிப்போவது வழக்கம். ஷெட்டுக்குப் போனதும் போல்ட்டைக் கழற்றி, சேம்பரை மாற்ற வேண்டும். மறந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கல் தெரியும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷமாக இதையேதான் பார்க்கிறேன். பேக்கப் தானாக ஓடுகிறது என்று எல்லோரும் நம்பும் இடத்தில், ஒருவர் மட்டும் தன் கையால் ஒரு காப்பி எடுத்து வைத்திருப்பார். சிரிப்போம். ஒருநாள் அதுதான் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. பொது இடத்தில் நிற்கும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ, வேறு நடவடிக்கை எடுத்தோ, வண்டி தானாக நகராதபடி உறுதி செய்ய வேண்டும். அந்த 'வேறு நடவடிக்கை'யில் நம் கருங்கல்லும் அடக்கம் என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியில் 'வேறு நடவடிக்கை' என்று பொதுவாக விடவில்லை. செமி டிரெய்லர் ஒவ்வொன்றும் இரண்டு சக்கரக் கட்டைகளைக் கூடவே எடுத்துப்போக வேண்டும் என்று வாகன விதியிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறும் லாரிக்கு பிரேக்கோடு சேர்த்துக் கட்டையும் வைக்க வேண்டும் என்பது தொழிற்கூடப் பாதுகாப்பு விதி. ஆக, ஸ்பிரிங் பிரேக் வந்த பிறகும் அங்கேயும் கட்டை போகவில்லை. திருவாரூர்த் தேர் போலத்தான்.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கட்டை வண்டியின் பாகம். வண்டியோடு வரும், வண்டியோடு போகும். இங்கே கல் ரோட்டின் பாகம். வைக்கும்போது டிரைவருக்குத் தேவை இருக்கிறது. எடுக்கும்போது அவருக்கு ஒரு தேவையும் இல்லை. வண்டியை ஒரு அடி முன்னால் எடுத்தாலே கல் விடுபட்டுவிடும், அப்படியே போய்விடலாம். முன்பெல்லாம் குதித்து இறங்கிக் கல்லை எடுப்பது கிளீனர் வேலை. இப்போது பல வண்டிகளில் டிரைவர் தனியாக வருகிறார். பன்னிரண்டு மீட்டர் பின்னால் நடந்துபோய்க் கல்லை ஓரமாகப் போடுவது அவருடைய நல்ல மனசைப் பொறுத்தது.

ஆப்பு வடிவ ரப்பர் கட்டை இரண்டு, சேஸிஸோடு கட்டிய ஒரு சங்கிலி. இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. ஆப்பு வடிவம் டயரோடு ஒட்டி உட்காரும், ஆர்மாவின் கற்கள் போல நொறுங்காது. சங்கிலி இருந்தால் மறந்து கிளம்பினாலும் கட்டை கூடவே இழுபட்டு வரும், பின்னால் பைக்கில் வருகிறவன் கீழே விழ மாட்டான். வண்டி விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

என்னை விழவைத்த கல்லை அன்று ரோட்டோரம் உருட்டிவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வாரம் அதே வழியில் போனபோது, அதே இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கண்டெய்னர் டிரெய்லர் நின்றிருந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் பார்த்தேன். அதே கல். கறுப்புத் தடம் இப்போது இரண்டு முகத்திலும் இருந்தது.