போதைப்பொருள் பரிசோதனைக் கட்டணக் குறியீடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நோயாளியின் சிறுநீர் முதலியவற்றில் போதைப்பொருள்களையும் மருந்துகளையும் தேடும் ஆய்வுக்கூடங்கள், அவ்வேலைக்குரிய கட்டணத்தைக் காப்பீட்டாரிடம் கோருகையில் குறிக்க வேண்டிய ஐந்து குறிகள் கொண்ட சங்கேதங்கள். இவற்றுள் பலவற்றுக்கு மூலம், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதன்முதலாகப் பிரசுரித்த சி.பி.டி. தொகுதி; அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் அதனை 1983-இல் ஏற்றது.

நெடுங்காலம் 80100, 80101, 80102 என்னும் எண்களே பிரதானமாக வழங்கின. இவற்றுள் 80101, மருந்து வகை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கோர இடமளித்ததால், பல வகைகளையும் ஒருங்கே காட்டிவிடும் ஒரே சோதனைக் கிண்ணத்துக்குக் கட்டணம் பன்மடங்காகப் பெருகலாயிற்று. இது ஆய்வுக்கூடங்களின் பேராசையா, விதியின் வாசகத்தில் இருந்த குறையா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு; இரண்டுக்கும் பங்கிருக்கலாம். மெடிகேர் 2010-இல் ‘ஜி’ எனத் தொடங்கும் தன் சொந்த எண்களான ஜி0430, ஜி0431 ஆகியவற்றைப் புகுத்தி, மறு ஆண்டே முன்னதை நீக்கி, ஜி0434-ஐச் சேர்த்து, வகைக் கணக்கை விடுத்து நோயாளி வரும் தடவைக்கு ஒன்றெனக் கணக்கிடத் தலைப்பட்டது.

2015-இல் மருத்துவச் சங்கம் பழைய எண்களைக் களைந்து, மருந்து உண்டா எனத் தோராயமாக அறியும் அனுமானப் பரிசோதனைக்கு 80300 முதல் 80304 வரையிலும், அது எதுவென உறுதிசெய்யும் நிச்சயப் பரிசோதனைக்கு 80320 முதல் 80377 வரையிலும் வகுத்தது. மெடிகேர் இவற்றை ஏற்க மறுத்து, நீக்கப்பட்டவற்றுக்கு ஈடாக ஜி6030 முதல் ஜி6058 வரையிலான எண்களைப் படைத்தது. அவை ஓராண்டு வாழ்ந்து மறைந்தன. 2015 அக்டோபரில், அனாவசியப் பரிசோதனைகள் முதலான குற்றச்சாட்டுகளின் பேரில் மில்லேனியம் ஹெல்த் ஆய்வுக்கூடம் 25.6 கோடி டாலர் செலுத்த இசைந்தது. எனினும் அக்குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்படவில்லை.

நிச்சயப் பரிசோதனைக்கு 2016 முதல் வழங்கும் ஜி0480, ஜி0481, ஜி0482, ஜி0483 ஆகியவை முறையே 1 முதல் 7, 8 முதல் 14, 15 முதல் 21, 22-உம் அதற்கு மேலும் ஆகிய மருந்து வகைகளைக் குறிப்பன. நாளொன்றுக்கு ஒன்றே செல்லும். நிறப்பிரிகையும் நிறைமாலையும் இணைந்த முறையால் தனித்தனி மருந்தை இனங்காண்பது இவற்றின் இலக்கணம். தேடப்படும் மருந்தையே கனத்த அணுக்களால் அமைத்து, அளவறிந்து மாதிரியில் கலந்து, வழியில் நேரும் இழப்பை அதைக்கொண்டே மதிப்பிடும் நிலையான ஐசோடோப்பு முறை இதில் நயமான பகுதி. அத்தகைய ஒப்பீட்டுப் பொருளின்றிச் செய்யும் எளிய சோதனைக்கு 2017-இல் ஜி0659 ஏற்பட்டது.

அனுமானப் பரிசோதனைக்கு அதே ஆண்டு முதல் 80305, 80306, 80307 வழங்குகின்றன: வெறுங்கண்ணால் பார்ப்பது, கருவித் துணையோடு பார்ப்பது, பகுப்பாய்வு இயந்திரத்தால் அறிவது. தனிப்பட்ட ஆய்வுக்கூடங்களின் சோதனைகளுக்கென ‘யூ’ என்னும் எழுத்தில் முடியும் எண்களும் பின்னர்ச் சேர்ந்துள்ளன.