ரிஸ்க் ஷீட்டில் வராத முடிச்சூர்

2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அப்போ நான் மெப்ஸ் வளாகத்தில் ஒரு சாஃப்ட்வேர் டீமில் இருந்தேன்.

எங்ககிட்ட ரிஸ்க் ஷீட் ஒண்ணு இருந்தது. ஒவ்வொரு ஆபத்துக்கும் ரெண்டு மார்க். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தா எவ்வளவு பாதிப்பு. ரெண்டையும் பெருக்கணும். அதிகபட்சம் 25. வெள்ளத்துக்கு பாதிப்பு 5, வாய்ப்பு 1 என்று போட்டது நான்தான். பெருக்கினா வெறும் 5. பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது.

நவம்பர் நடுவிலேயே முடிச்சூருக்குள்ள தண்ணி வந்திருந்தது. அங்கே குடியிருந்த டெஸ்டர் அக்கா சொன்னாங்க, "இன்னொரு மழை வந்தா நாங்க காலிப்பா." நான் அந்த 1-ஐ மாத்தலை. ரிலீஸ் பக்கத்தில் இருந்தது. மார்க்கை ஏத்தினா கிளையண்ட் கேள்வி கேட்பார்.

டிசம்பரில் அடையாறு பொங்கியது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. செல்போன் வேலை செய்யலை, விமான நிலையம் மூடிட்டாங்க. நகரத்தின் பல ஐ.டி. நிறுவனங்கள் வேலையை வேற ஊர்களுக்கு மாத்தின. எங்க சர்வருக்கு ஒண்ணும் ஆகலை. அதுக்கு மாற்று சர்வர், ஜெனரேட்டர் எல்லாம் இருந்தது. அக்கா ரெண்டு நாள் மொட்டைமாடியில் இருந்தாங்க.

ஆபத்து எங்களுக்குத் தெரியாம வரலை. அதைச் சொன்னவங்க பேச்சு ஷீட்டுக்குள்ள வரலை. உங்க டீம் ஷீட்டைத் திறந்து பாருங்க. அதில் கடைசியா ஒரு எண் மாறினது எப்போ?