கணக்கை எரித்தவர்கள்

பிட்ஸ்பர்க்கில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் அங்குள்ள வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. இன்னொரு இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், ஒஹையோ ஆற்றங்கரை. ஆம்பிரிட்ஜ் என்ற ஊருக்குள் 'ஓல்ட் எகானமி'. வீடுகள், கடை, தோட்டம், ஊரே கூடிச் சாப்பிட்ட விருந்து மண்டபம்... எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வாழ்ந்தவர்கள்தான் இல்லை. வாரிசுகூடக் கிடையாது!

யார் இவர்கள்? ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியைச் சேர்ந்த நெசவாளி ஜார்ஜ் ராப். ஊர்த் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் 1803-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். பின்னாலேயே நூற்றுக்கணக்கான பேர் கப்பலேறினார்கள். இயேசு சீக்கிரமே திரும்பி வரப்போகிறார், தங்கள் ஆயுளுக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

1805-ல் இருந்ததையெல்லாம் பொதுவில் போட்டார்கள். 1807-ல் பிரம்மச்சரியத்தை ஏற்றார்கள். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில், அண்ணன் தங்கை மாதிரி! உலகமே முடியப்போகிறது, குழந்தை எதற்கு?

1818-ல்தான் பெரிய காரியம். யார் எவ்வளவு கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எழுதி வைத்த பேரேட்டைத் தூக்கி நெருப்பில் போட்டார் ராப். காமர்ஸ் படித்த எனக்கு இதைக் கேட்டதும் பகீரென்றது. கணக்குப் புத்தகத்தை எரிப்பதா? யோசித்தால் ஒருவகையில் நியாயம்தான். நான் அதிகம், நீ கொஞ்சம் என்ற பேச்சே இனி இல்லை. இன்னொரு வகையில் பாருங்கள். நாளைக்கு மனம் மாறி வெளியேறுகிறவன் தன் பங்கைக் கேட்டால், காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

கேட்கவும் செய்தார்கள். 1832-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்து போனார்கள். 1,05,000 டாலர் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

வியாபாரத்தில் மட்டும் இவர்கள் படு கெட்டி. இருபது வருடத்தில் மூன்று ஊர்களை உருவாக்கி, இரண்டை விற்றார்கள். கம்பளி, பருத்தி, பட்டு, பிற்பாடு எண்ணெய்க் கிணறு, ரயில்வே முதலீடு என்று பணம் கொட்டியது. 1847-ல் ராப் இறந்தபோது சுமார் ஐந்து லட்சம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகச் சேர்ந்திருந்தது. இயேசு வரும்போது எல்லோருமாக ஜெருசலேம் போவதற்கான வழிச்செலவு!

வருவார் என்று காத்திருந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சொற்பம். சொத்து இருந்தது, ஆள் இல்லை. 1905-ல் சங்கத்தைக் கலைத்தபோது மிஞ்சியவர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்கன் பிரிட்ஜ் கம்பெனி கைக்குப் போனது. 'ஆம்பிரிட்ஜ்' என்பது அந்தக் கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான். மிச்சத்தை 1916-ல் பென்சில்வேனியா அரசு எடுத்துக்கொண்டு பாதுகாத்து வருகிறது.

அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். வெறும் புல்வெளி. சமாதிகளில் பெயர் கிடையாது. செத்த பிறகும் ஒருவருக்கொருவர் உசத்தி இல்லையாம்.

அந்தப் பேரேட்டை எரித்த விஷயத்தில் மட்டும் கடைசிவரை மாறவே இல்லை.