முத்து நம்மளுது, பெட்டி யாருது?

போன மாசம் கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு கடையில், மூடி முழுக்கச் சிப்பித் துண்டு பதித்த நகைப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். திருப்பத் திருப்பப் பச்சை, ரோஸ், வெள்ளி என்று மினுங்கியது. "தூத்துக்குடி முத்துச்சிப்பி சார், முத்து எடுக்குறாங்களே அதே சிப்பி" என்றார் கடைக்காரர். வாங்கவில்லை. ஆனால் வத்தலக்குண்டு இறங்கும்வரை அந்த "அதே சிப்பி" கூடவே வந்தது. ஏன்னா, அது தூத்துக்குடிச் சிப்பியாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஓடு மெல்லிசு. உள்பக்கம் பளபளப்பது முத்தில் இருக்கும் அதே பொருள்தான்: அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், சுமார் அரை மைக்ரான் தடிமனுள்ள தகடுகளாகச் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். சாயம் எதுவும் கிடையாது. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே நிறமாகத் தெரிகிறது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பதிப்பு வேலைக்கு ஓட்டை அறுக்கணும், தேய்க்கணும், தட்டையான துண்டு வேணும். அதற்குத் தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கடல்களின் பிங்க்டாடா மேக்சிமா மாதிரி 20 சென்டிமீட்டரைத் தாண்டும் தடித்த சிப்பிகளே தோது.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர்போனது குஜராத். 1502-இல் ஆப்பிரிக்கக் கரையில் மெலிந்தி அரசர் வாஸ்கோ ட காமாவுக்குக் கொடுத்த பரிசுகளில், பொன்னும் சிப்பியும் இழைத்த கம்பாத்துக் கட்டில் ஒன்று இருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தி கல்லறை மேலுள்ள விதானமும் சிப்பி பதித்ததுதான்.

நம்ம பக்கம் கண் முழுக்க முத்து மேலேயே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என்று முத்தைத் தரம் பிரித்து எழுதுகின்றன. முத்துக்குளிப்பில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். ஓடு மிச்சம். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய குளிப்பு 1961-இல் நடந்தது.

அதுக்காக நமக்குக் கடல் ஓட்டில் கைவேலையே தெரியாது என்று நினைக்க வேண்டாம். நாம் அறுத்தது சங்கை. அதில் இந்த வானவில் மினுமினுப்பு இருக்காது, ஆனால் வளையல் அறுக்கிற அளவு தடிப்பு உண்டு. கடலுக்கு வெகு தொலைவில், நொய்யல் கரைக் கொடுமணலில், சங்கு வளையல் செய்த தடயம் அகழாய்வில் கிடைத்தது. மதுரைக் கடைத்தெருவில் சங்கறுத்து வளை கடைபவர்களை மதுரைக்காஞ்சி சொல்கிறது.

மினுமினுப்பும் வீட்டுக்குள் வராமல் இல்லை, வேறு வழியில் வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து, பூசிய சுவரைக் கல்லால் தேய்தேய் என்று தேய்த்தார்கள். காரைக்குடிப் பக்கம் போனால் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெயில் நேரத்திலும் சில்லென்று, சிப்பியின் உள்பக்கம் மாதிரியே வழவழன்னு இருக்கும்.