பல்லாங்குழி யாருடைய விளையாட்டு?



"பொங்கலுக்கு எல்லாரும் கம்மாபுரம் வர்றோம் சார், இருபது பேர் சேர்ந்து விளையாட ஏதாவது சொல்லுங்க" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். தாயம், பரமபதம், ஆடுபுலி, ஐந்தாங்கல், பாண்டி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வந்த பிறகு, உடைந்த பீங்கான் துண்டு பாண்டி ஆடும் பிள்ளைகள் கைக்கு வந்தது. அதற்கு முன் ஓட்டாஞ்சில்லுதான். விளிம்பைக் கல்லில் தேய்த்து வட்டமாக்குவோம். கீழடியிலும் இப்படிப் பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆட்டக்காய்களும் பகடையும்கூட உண்டு. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில், கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கும் நேரத்தில், பொருநை ஆற்று மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு வைத்து ஆடுகிறார்கள். பொன் கழங்கு வசதியுள்ள வீட்டுக்கு. மற்றவர்களுக்குக் கழற்சிக்காய் போதும். நம் ஐந்தாங்கல்லுக்கு மூத்த உறவு அது.

தாயத்தின் பங்காளியான பச்சீசி கப்பலேறிப் போய், 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கியது. பரமபதமும் அதே காலத்தில் அங்கே போய்ப் பாம்பும் ஏணியும் ஆனது. பிறகு இரண்டையும் நாமே கடையில் காசு கொடுத்து வாங்கினோம்!

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது பல்லாங்குழியைப் பற்றி. குழியில் முத்து போட்டு ஆடும் ஆட்டம் ஆப்பிரிக்கா முழுக்க உண்டு, மலேசியாவிலும் உண்டு. இலங்கையில் சிங்களவர்கள் இதை ஒலிந்த கெலிய என்று சித்திரைப் புத்தாண்டில் குடும்பத்தோடு ஆடுகிறார்கள். நம் பக்கம் கல்யாணச் சீரில் பல்லாங்குழிப் பலகை வைப்பதும் உண்டு. ஆனால் வீட்டில் அதை அதிகம் ஆடியது யார் என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வந்து தனியே உட்கார வைக்கப்பட்ட பெண், நிறைமாதக் கர்ப்பிணி, விசேஷ வீட்டில் முன்னுக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்ட கைம்பெண். குடும்பம் கூடிய நாளில் கூட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் ஆட்டம் அது.

என் அத்தை இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். எந்தக் கல்யாணத்திலும் அவர் மணமேடைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. தாலி கட்டும் நேரத்தில் பின்கட்டில் பலகையோடு இருப்பார், எதிரில் பிள்ளைகள் நாங்கள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்க்காமலே சொல்லுவார். காலிக் குழி வந்ததும் அதைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெறுங்குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கானால் 'பசு'. அதை எடுக்க மறந்தால் போச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம்தான் நான் மனக்கணக்கு கற்றேன்.

தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி எழுதியிருக்கிறார். இருவரும் சமமாகத் தொடங்கி, ஒருவரிடம் எல்லாம் போய்ச் சேர்ந்து, மற்றவர் வெறுங்கையாவதில் தனிச்சொத்து தோன்றிய கதையை அவர் பார்க்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஆட்டம் அங்கே முடியாது. ஒரு குழிக்கு ஐந்து போடக்கூட வழியில்லாமல் தோற்றவர், இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுத் தொடரலாம். அதற்குப் பெயர் 'கஞ்சி'. ஜெயித்தவரும் தன் குழிகளில் ஒவ்வொன்றுதான் போட வேண்டும். கஞ்சி குடித்தே எழுந்து வந்து எதிராளியின் முத்தையெல்லாம் அத்தை அள்ளியதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அன்று அவர் முகத்தில் இருந்த களையை வேறு எந்த விசேஷத்திலும் பார்த்ததில்லை.

இப்போது கேட்டவளுக்குப் பதில். இருபது பேருக்கு ஒரு பலகை போதும். வீட்டில் மூத்த பெண்மணியை ஒரு பக்கம் உட்கார வையுங்கள், எதிரில் சின்னப் பிள்ளை. மற்றவர்கள் சுற்றி நின்று கட்சி சேரட்டும். பலகையைப் பின்கட்டில் போடாதீர்கள், நடுக்கூடத்தில் போடுங்கள். பலகை இல்லையென்றால் வாசல் மண்ணில் பதினான்கு குழி தோண்ட ஐந்து நிமிஷம் ஆகாது. புளியங்கொட்டை உங்கள் அம்மாவிடம் இருக்கும்.

இன்னொன்று. பசு, கஞ்சி என்பவை எங்கள் வீட்டுப் பெயர்கள். மருமகளாய் வந்த ஒவ்வொருத்தியும் தன் ஊர் விதியைக் கொண்டுவந்து சண்டை போட்டதை நான் கேட்டிருக்கிறேன். உங்கள் ஆயா நான்கு முத்துக்கு என்ன பெயர் சொன்னார்? தோற்றவருக்கு மறுபடி ஆட இடம் கொடுத்தாரா? பொங்கலன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறேன்.