எல்லாம் அடங்கிய கட்டணம்: கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரியின் வரவு செலவு

கென்யாவிலும் தான்சானியாவிலும் இன்று விற்கப்படும் சஃபாரி விடுமுறைத் தொகுப்புகளின் விலைப்பட்டியலில், கட்டணத்துக்குள் அடங்குபவை, அடங்காதவை என்று இரண்டு பகுதிகள் இருப்பது வழக்கம். தங்குமிடம், மூன்று வேளை உணவு, வண்டி, ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் இருப்பவரின் ஊதியம், பூங்கா நுழைவுக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் முதற்பகுதியில் வரும். வெளிநாட்டு விமானப் பயணம், விசா, காப்பீடு, உயர்ரக மதுவகைகள், வெப்பக்காற்று பலூன் சவாரி, பணியாளர்களுக்குத் தரும் டிப்ஸ் ஆகியவை இரண்டாம் பகுதிக்குப் போகும். இந்தப் பிரிவினையைச் சுற்றுலா நிறுவனங்கள் அண்மையில் வகுத்ததாக எண்ணத் தோன்றினாலும், அதன் முக்கியமான கோடுகள் நூறாண்டுகளுக்கு முன்பே, நைரோபியில் வேட்டைப் பயணங்களை ஏற்பாடு செய்து கொடுத்தவர்களின் கணக்குப் புத்தகங்களில் விழுந்துவிட்டன.

சுவாஹிலி மொழியில் சஃபாரி என்பது எந்தப் பயணத்தையும் குறிக்கும் பொதுச்சொல். 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் தீவுக்கு எதிரே கடற்கரையிலிருந்த பகமோயோவிலிருந்து உள்நாட்டிலுள்ள தபோரா, உஜிஜி ஆகிய ஊர்களுக்குத் தந்த வணிகக் கூட்டங்கள் போய் வந்தன. வழியில் செட்சி ஈ பரப்பிய நோய் மாடுகளையும் குதிரைகளையும் கொன்றுவிட்டதால் வண்டி பூட்ட வழியில்லாமல், ஏறக்குறைய 60 பவுண்டு, அதாவது 27 கிலோ எடையுள்ள சுமைகளாகச் சரக்கைப் பிரித்து, நியாம்வேசி மக்களும் பிறரும் தோளிலும் தலையிலும் சுமந்தனர். பழக்கமில்லாத அந்நியர் ஒருவர் அந்த நிலத்தில் நடக்க வேண்டுமானால், உணவு, கூடாரம், காவல், மொழிபெயர்ப்பு அனைத்தையும் முன்கூட்டியே ஓரிடத்தில் திரட்டிக்கொண்டுதான் புறப்பட முடியும். எல்லாம் அடங்கிய பயணம் என்ற ஏற்பாடு சொகுசுக்காக அல்லாமல், வழியில் பணம் கொடுத்தாலும் வேண்டியது கிடைக்காது என்ற நிலையிலிருந்தே பிறந்தது.

இந்தத் தேவையைத் தொழிலாக மாற்றியது ரயில். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை உகாண்டா ரயில்பாதை போடப்பட்டது; அதற்காகப் பிரித்தானிய இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். 1899இல் வெறும் ரயில் பணிமனையாகத் தொடங்கிய நைரோபி சில ஆண்டுகளில் வேட்டைக்காரர்கள் வந்திறங்கும் ஊராயிற்று. 1904இல் அங்கே நார்ஃபோக் ஹோட்டல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், போயர் போருக்குப் பின் வந்து சேர்ந்த ஆஸ்திரேலியர்களான விக்டர் நியூலாண்டும் லெஸ்லி டார்ல்டனும் தங்கள் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் செல்வந்தர் கடிதம் எழுதிவிட்டுக் கப்பலேறினால் போதும். அவர் நைரோபியில் இறங்கும்போது கூடாரங்கள், மடக்குக் கட்டில், குளியல் தொட்டி, சமையற்காரர், அஸ்காரி எனப்பட்ட ஆயுதக் காவலர், துப்பாக்கி ஏந்துவோர், சுமை தூக்குவோர், இவர்களுக்கெல்லாம் ஒரு தலைவர் என முழுக் கூட்டமும் ஆயத்தமாக நிற்கும். சுமை தூக்குவோருக்கு நிறுவனமே கம்பளிச் சட்டை, போர்வை, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைக் கொடுத்தது. போஷோ என்று சொல்லப்பட்ட மாவுப் படி நாள்தோறும் அளந்து கொடுக்கப்பட்டது.

வேட்டை உரிமம் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்து வேட்டையாடுபவர் அரசுக்கு 50 பவுண்டு கட்ட வேண்டும். 1920 வரை கென்யாவில் ரூபாயே செலாவணியாக இருந்ததால், பவுண்டுக்கு 15 ரூபாய் வீதம் அது 750 ரூபாய் ஆயிற்று. அந்த உரிமம் எந்த விலங்கை எத்தனை சுடலாம் என்று வரையறுத்தது. யானைக்குத் தனி உரிமம் வேண்டியிருந்தது. அதே காலத்தில் சுமை தூக்குபவரின் மாதக் கூலி பத்து ரூபாய் அளவில்தான் இருந்தது. அதாவது ஒரு விருந்தினரின் உரிமத் தொகை, அவருடைய குளியல் தொட்டியைச் சுமந்தவரின் ஆறேகால் ஆண்டுக் கூலிக்குச் சமம். அக்காலப் பயண நூல்கள் சஃபாரியின் செலவைப் பற்றிப் பெருமூச்சு விடும்போது இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. ஆனால் அத்தனை பெரிய கூட்டத்தை ஒரே கட்டணத்துக்குள் அடக்க முடிந்ததற்குக் கூலி மலிவாக இருந்ததுதான் காரணம்.

இம்முறையின் உச்சம் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பயணம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகிய சில வாரங்களிலேயே, 1909 ஏப்ரலில், ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக உயிரினங்களைச் சேகரிக்கும் குழுவுடன் அவர் மொம்பாசாவில் இறங்கினார். நியூலாண்ட் டார்ல்டன் நிறுவனமே ஏற்பாடுகளைச் செய்தது; அனுபவமிக்க வேட்டைக்காரரான ஆர். ஜே. கனிங்ஹாம் வழிநடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் சுமந்த பொருள்களில், தோல்களைப் பதப்படுத்துவதற்கான நான்கு டன் உப்பும், பன்றித்தோல் அட்டையிட்ட ஒரு சிறு நூலகமும் இருந்தன. தந்தையும் மகன் கெர்மிட்டும் சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 512. ஸ்மித்சோனியன் ஆதரவாளர்களின் நன்கொடையும், ரூஸ்வெல்ட் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளுக்குக் கிடைத்த ஊதியமும் செலவைத் தாங்கின. பத்திரிகை வாசகர்கள் இக்கட்டுரைகளால் சஃபாரி என்ற சொல்லைக் கற்றுக்கொண்டனர். நைரோபி நிறுவனங்களுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்க முடியாது.

முதல் உலகப் போர் இந்தக் கால்நடைப் பயணத்தை முடித்துவைத்தது. சுமை தூக்கிய ஆண்கள் படைக்குச் சுமைகாரர்களாகத் திரட்டப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் நோயிலும் பசியிலும் மாண்டனர். அந்தப் படைப்பிரிவான கேரியர் கோரின் பெயர், உச்சரிப்பு திரிந்து, நைரோபியின் கரியோகோர் பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. போருக்குப் பின் மோட்டார் வாகனமும் லாரியும் வந்ததால் கூட்டம் சுருங்கியது, ஆனால் சொகுசு கூடியது. 1934இல் தொழில்முறை வேட்டைக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்தபோது கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 1932இல் நையேரிக்கு அருகே எரிக் ஷெர்புரூக் வாக்கர் ஒரு மரத்தின் மீது கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதியில், நீர் குடிக்க வரும் விலங்குகளை இரவெல்லாம் பார்ப்பதே பொழுதுபோக்கு. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்த இரவில்தான் அவருடைய தந்தை இறந்து அவர் அரசியானார். நைரோபி தேசியப் பூங்கா 1946இலும் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 1951இலும் உருவாயின. செரெங்கெட்டியில் மேய்ச்சலுக்கு உரிமை கொண்டிருந்த மாசாய் மக்கள் 1959இல் இங்கோரோங்கோரோ பகுதிக்கு அகற்றப்பட்டனர். விலங்குகள் மட்டுமே வாழும் வெட்டவெளி என்று பின்னாளில் விற்கப்பட்ட காட்சிக்கு இந்த வெளியேற்றமும் ஒரு விலை. அது எந்த விலைப்பட்டியலிலும் ஏறியதில்லை.

1960களில் ஜெட் விமானங்கள் ஐரோப்பிய நடுத்தர வகுப்பினரைக் கொண்டுவந்தபோது, மொம்பாசாக் கடற்கரையில் சில நாளும் காட்டில் சில நாளுமாக விமானக் கட்டணத்தையும் சேர்த்த மலிவுத் தொகுப்புகள் பரவின. தனி வேட்டைக்காரருக்குப் பதிலாக, கூரையைத் திறந்து நின்று பார்க்கும் மினிபஸ் வந்தது. 1977 பிப்ரவரியில் தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியதால், நைரோபியிலிருந்து செரெங்கெட்டிக்கு வண்டி அனுப்பிய பழைய சுற்றுகள் அறுந்தன. எல்லை மீண்டும் திறந்தது 1983இல்தான். அதே 1977 மே மாதத்தில் கென்யா வேட்டையைத் தடைசெய்ய, தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம் கலைந்தது.

வேட்டை உரிமம் இருந்த இடத்தில் இன்று பூங்காக் கட்டணம் இருக்கிறது. அரசுக்கோ மாவட்ட ஆட்சிக்கோ போகும் இத்தொகையைப் பல நிறுவனங்கள் தொகுப்புக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. சில, விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக வெளியே விட்டுவிடுகின்றன. மாசாய் மாராக் காப்பகத்தைச் சுற்றி 2000க்குப் பின் தோன்றிய கன்சர்வன்சிகளில், அதாவது மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவாக்கிய தனிக் காப்பிடங்களில், வேறொரு கட்டணம் உண்டு. அதில் ஒரு பங்கு நில உரிமையாளர்களுக்குச் சேர்கிறது என்பதால், 1959இன் கணக்கோடு ஒப்பிட்டால் இது சற்றே நேர்மையான ஏற்பாடு. டிப்ஸ் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது: உழைப்பவரின் வருமானத்தில் ஒரு பகுதி விருந்தினரின் மனநிலைக்கு விடப்படுவது, சுமைகாரர்களின் காலத்திலிருந்து மாறாத வழக்கம்.

தொகுப்பு வாங்குபவர் பூங்காக் கட்டணம் உண்டா என்பதோடு எத்தனை நுழைவுச்சீட்டுகளுக்கு என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நாரோக் மாவட்ட ஆட்சி 2024இல் கொண்டுவந்த விகிதப்படி, மாசாய் மாராவில் கென்யாவைச் சேராத பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலரும், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலரும் ஆகும். அந்தச் சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 12 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும்.