தாழிக்குள்ளே ஒரு குடும்பக் கணக்கு

இந்தத் தடவை சரித்திரம். பயப்பட வேண்டாம், போர், பட்டாபிஷேகம், எந்த ராஜாவுக்கு எத்தனை மனைவி என்ற பட்டியல் எதுவும் கிடையாது. நம்ம தாமிரபரணிக் கரையில் சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஜனங்களிடம் என்ன சாமான் இருந்தது, என்ன ஆடுமாடு இருந்தது, வீட்டுப் பெரியவர்களை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். இடம் ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 24 கிலோமீட்டர். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம். அதனால் நாம் சொந்தம் கொண்டாடலாம், தப்பில்லை :-)

முதலில் ஒரு கதை

தாழி எல்லாருக்கும் தெரியும். ஆள் உட்காரக்கூடிய அளவுக்குப் பெரிய மண்பானை. இறந்தவர்களை அதில் வைத்துப் புதைத்தார்கள். "முதுமக்கள் தாழி" என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். நம்ம பக்கத்து ஜனங்கள் இதற்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர் அதைக் கேட்டு 1877-ல் எழுதியும் வைத்தார்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் மனிதர்களுக்குச் சாவே சீக்கிரம் வராதாம். வயசு ஏற ஏற உடம்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் குழந்தையை விடச் சின்னதாகிவிட்ட பாட்டன், பூட்டனை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று விளக்கு வைக்கும் மாடக்குழியில் தூக்கி வைத்துவிடுவார்களாம். அதற்கும் மேல் பார்த்துக்கொள்ள முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் சலித்துப் போனதும், ஒரு தாழியில் சோறும் தண்ணீரும் வைத்து, அவரையும் உள்ளே வைத்து, ஊருக்கு வெளியே புதைத்துவிடுவார்களாம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. பெரியவர்கள் பாரமாகிவிட்டார்கள், உயிரோடு புதைத்தார்கள் என்றல்லவா கதை சொல்கிறது? நிஜமாகவே நம்ம முன்னோர் அப்படித்தானா? தாழிக்குள் இருந்த சாமான்களை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம். பி.காம் படிக்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்!

ஸ்டாக் எடுத்தவர்கள்

இங்கே முதலில் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த டாக்டர் ஜாகோர். வருஷம் 1876. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைப் பானைகள், இரும்பு ஆயுதங்கள், எலும்பு, மண்டையோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்து, தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. 1899 முதல் 1905 வரை தோண்டினார். 114 ஏக்கர் பரப்பு! தென்னிந்தியாவில் அதுவரை கண்டுபிடித்த பழைய இடங்களிலேயே இதுதான் பெரியது என்று எழுதினார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான பொருட்களின் பட்டியல் 1915-ல் சென்னையில் அச்சானது. அந்தப் பட்டியலை ஒரு கடையின் ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி படிக்கலாம். என்ன பொருள், எதில் செய்தது, என்ன அளவு என்று வரிசையாக வருகிறது.

பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆக, நம்ம ஊர்ச் சாமானைப் பார்க்க நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. ஜாகோர் எடுத்ததைப் பார்க்க வேண்டுமானால் பாஸ்போர்ட்டே வேண்டும்.

தொழில்நுட்பம்: கறுப்பும் சிவப்பும்

தாழிக்குள் இருந்த பானைகள் பலவும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பெயிண்ட் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், வெளிப்பக்கம் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவக்கும். உள்பக்கம் காற்றுப் போகாமல், புகையும் கரியும் ஏறிக் கறுத்துவிடும். ஒரே சூளை, ஒரே சூடு, இரண்டு நிறம்.

அடுத்தது வெண்கலம். சாதாரண வெண்கலத்தில் செம்போடு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்கள் சிலவற்றை உலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் பரிசோதித்தபோது வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. இப்படிப்பட்ட உலோகத்தைச் சும்மா ஆறவிட்டால் தட்டியதும் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். செக்கச்செவேல் என்று காய்ச்சி, சூட்டிலேயே அடித்து மெலிதாக்கி, சட்டென்று தண்ணீரில் முக்கினால்தான் நிற்கும். ஒரு நொடி பிந்தினால் பாத்திரம் போச்சு. பாடப் புத்தகம் இல்லாமல் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை பாத்திரங்களை உடைத்திருப்பார்களோ!

இன்னொரு வேடிக்கை. ரீயின் பட்டியலில் வேலை செய்யும் சாமான், ஆயுதம் எல்லாம் இரும்பு. அழகுக்கும் வீட்டுக்கும் உள்ளது வெண்கலம். வடிகட்டும் சல்லடைக் கிண்ணம்கூட உண்டு. ஃபில்டர் காபி என்று யாரும் ஆசைப்பட வேண்டாம், அதற்கப்புறம் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் நம்ம நாட்டுக்குக் காபியே வந்தது.

விலங்குகள்: மூடிமேல் எருமை

வெண்கல ஜாடிகளின் மூடியில் குட்டிக் குட்டி உருவங்கள். ரீ அவற்றை வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்று பிரித்தார். வீட்டு வகையில் எருமை, ஆடு, சேவல். காட்டு வகையில் புலி, மான், யானை. எருமைக்கு நீண்டு வளைந்த கொம்பு. ஆற்றில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும் நம்ம ஊர் எருமைக்கு இவ்வளவு பழைய மரியாதை இருந்தது என்று அதற்கே தெரியாது!

புலியும் யானையும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டாம். அதே ஆற்றின் தலைமாட்டில் களக்காடு முண்டந்துறையில் இப்போதும் இருக்கின்றன. சேவலையும் வேல் போன்ற இரும்புகளையும் பார்த்துவிட்டு, இது முருக வழிபாடு என்று சொன்னவர்கள் உண்டு. திருச்செந்தூர் ரோட்டில் கிடைத்ததால் அந்த நினைப்பு வருவது சகஜம்தான். ஆனால் சேவல் வைத்திருப்பவர்கள் எல்லாம் முருக பக்தர்கள் என்றால் நம்ம தெருவில் பாதிப் பேர் பக்தர்கள்.

2004-05-ல் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி குழு மறுபடியும் தோண்டி 160-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அதில் ஒரு பானை ஓட்டில் மண்ணை ஒட்டியே படம் செய்திருந்தார்கள். ஒரு உயரமான பெண், பக்கத்தில் மரம், அதன்மேல் பறவை, அருகே மான், முதலை. மரம், பறவை, மான், முதலை, நடுவில் வீட்டு அம்மா. எனக்கு இது ஒரு குடும்ப போட்டோ மாதிரிதான் தெரிகிறது.

உடம்பு: சுருங்கினார்களா?

இல்லவே இல்லை. தாழிக்குள் கிடைத்தவை முழு வளர்ச்சி அடைந்த சாதாரண மனிதர்களின் எலும்புகள். சில தாழிகளில் முழு உடலையும் கால் மடக்கிக் குந்த வைத்திருந்தார்கள். மற்றவற்றில் உடல் மக்கியபின் எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்திருந்தார்கள். மூடிய பானைக்குள் இத்தனை பெரிய ஆள் எப்படிப் போனார் என்ற ஆச்சரியத்தில்தான் சுருங்கிய தாத்தா கதையே பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த எலும்புகளைத் தேடி வந்தவர்களின் கதை தனி. 1903-04-ல் இங்கே தோண்டிய பிரெஞ்சுக்காரர் லூயி லாபிக், உண்மையில் நரம்பு ஆராய்ச்சியாளர். 1907-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த நரம்பணு மாதிரியைத்தான் இன்றைக்கும் மூளையைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். 1930-ல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதிய சாலி சுக்கர்மேன் குரங்குகளின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்தவர். பிற்பாடு பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரே ஆனார். மண்டையோட்டை அளந்து இன்ன இனம் என்று சொல்லும் அந்தக் காலத்து முறையை இப்போது விஞ்ஞானிகள் கைவிட்டுவிட்டார்கள்.

குடும்பம்: கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது கதைக்கு வருவோம். பெரியவர்கள் பாரம் என்று தள்ளிவிட்டார்களா?

தாழிக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் இருந்தன. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லைப் பரிசோதித்ததில் கி.மு. 1155 என்று வந்தது, 2021-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். நம்ம பக்கம் இன்றைக்கும் வாய்க்கரிசி போடாமல் யாரையும் அனுப்புவதில்லை. அதுதான் இது என்று அடித்துச் சொல்லவில்லை. நெல் மட்டும் அதே நெல்.

இரும்பு ஆயுதங்கள் முனை கீழே பார்த்தபடி மண்ணில் குத்தி நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் குத்திவிட்டுப் போனது போல இருக்கிறது என்று ரீ எழுதினார். துஷ்டி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கோடி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அப்புறம் தங்கம். நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள் கிடைத்தன. எல்லாத் தாழியிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். அப்போதும் பணக்காரன், ஏழை உண்டு.

கணக்குப் படிப்பில் ஒரு சொத்து உபயோகமில்லை என்றால் மதிப்பைக் குறைத்து எழுதித் தள்ளிவிடுவோம். இவர்கள் செய்தது நேர் எதிர். வெட்டும் கத்தி, ஓட்டை இல்லாத கிண்ணம், தங்கம், அடுத்த விதைப்புக்கு ஆகும் நெல்... இன்னும் பயன்படக்கூடிய சொத்தை மண்ணுக்குள் வைத்தார்கள். இரும்பு ஒன்றும் மலிவு இல்லாத காலம். பாரம் என்று நினைத்த ஆளுக்கு யாராவது இவ்வளவு செலவு செய்வார்களா? புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கிறாள். அது பிற்காலப் பாட்டுத்தான். இருந்தாலும் தள்ளிவிடுகிற குடும்பத்தில் வருகிற பேச்சா அது?

அந்தச் சலித்துப் போன பிள்ளைகள் கதை தாழி செய்தவர்களுடையது இல்லை, அவர்களை மறந்துபோன பிற்காலத்தவர்கள் கட்டியது. மாடக்குழியில் தாத்தாவை வைக்கிற வேலை நம்ம காலத்தில்தான் நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என்ன, இப்போது மாடக்குழி வீடியோ காலில் இருக்கிறது.

கடைசியாக, சாமான் எங்கே?

2004-05-ல் எடுத்த மாதிரிகளின் வயசு 2019-ல்தான், அதுவும் மதுரை ஹைகோர்ட் கிளையில் வழக்குப் போட்ட பிறகுதான் வெளியே வந்தது. அமெரிக்க ஆய்வகம் பார்த்ததில் ஒன்று கி.மு. 10-ஆம் நூற்றாண்டு. தாத்தாவின் வயசைச் சொல்லப் பதினாலு வருஷம்! 2025 ஜனவரியில் சிவகளை இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு அறிவித்ததும் எல்லாரும் எவ்வளவு பழசு என்பதையே பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷங்களுக்குள் ஒரு வீடு இருந்தது, அதையும் பார்க்கலாமே.

இப்போது பார்க்க வழியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூர் மேட்டிலேயே, தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்துவிட்டார்கள். நம்ம ரெட்டியார்பட்டி பக்கமும் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. பெர்லின் சாமான் எப்போது திரும்பும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் இருப்பதைப் பார்ப்போம். போகும்போது வீட்டிலுள்ள ஆச்சி, தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுருங்கிய தாத்தா கதை அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்!